கல்லின் மேல் ஈரத்தாள்

புதுக்கோட்டை அருகே உள்ள குடுமியான்மலையில், மேலைக்கோயில் குடைவரையை ஒட்டிய பாறை முகத்தில், ஏழாம் நூற்றாண்டுக் கிரந்த எழுத்தில் இசைச் சுரங்கள் வரிவரியாக வெட்டப்பட்டிருக்கின்றன. சில எழுத்துகளின் தலையில் சிறு புள்ளிகள் உண்டு. அது உளி வைத்த புள்ளியா, கருங்கல்லில் தானாக விழுந்த குழியா? இதைப் பொறுத்துச் சுரத்தைப் படிக்கும் முறையே வேறாகிவிடும். வெயில் சாயச் சாயப் பாறையின் முகம் மாறிக்கொண்டே இருக்கும். காலையில் தெரிந்த புள்ளி உச்சியில் காணாமல் போகும். இத்தகைய ஐயங்களை உட்கார்ந்து நிதானமாக ஆராய, கல்வெட்டாளர்கள் நம்பும் கைத்தொழில் ஒன்று இருக்கிறது. அதற்கு மைப்படி எடுத்தல் என்று பெயர்.

வேலை தண்ணீரில் தொடங்குகிறது. முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவ வேண்டும். பாசி, எண்ணெய்ப் பிசுக்கு, பல தலைமுறை அடித்த சுண்ணாம்பு எல்லாம் எழுத்தின் பள்ளத்துக்குள் போய் அடைந்திருக்கும். கம்பியோ கத்தியோ கொண்டு சுரண்டினால் எழுத்தும் சேர்ந்து போய்விடும்; எனவே பொறுமைதான் முதல் கருவி. கல் சுத்தமானதும், நனைத்த தாளை அதன் மேல் சுருக்கமில்லாமல் ஒட்ட வைப்பார்கள். பிறகு அடர்ந்த நார்த் தூரிகையால் மேலிருந்து கீழாக ஒரே சீராகத் தட்டுவார்கள். தட்டத் தட்டத் தாள் எழுத்தின் பள்ளங்களுக்குள் இறங்கும். பலமாகத் தட்டினால் தாள் கிழியும். மெதுவாகத் தட்டினால் பள்ளம் பதியாது. கிழிந்த இடத்தில் சிறு ஈரத்துண்டை வைத்து மறுபடி தட்டி ஒட்டிவிடுவதும் உண்டு.

தாள் அரைகுறையாகக் காய்ந்திருக்கும் நேரமே மை வைக்கும் நேரம். விளக்குக் கரியோடு பிசின் கலந்த மையில், பஞ்சை உள்ளே வைத்துத் துணியால் கட்டிய பொதியைத் தோய்த்து, தாளின் மேல் ஒற்றி ஒற்றி எடுப்பார்கள். மேட்டில் மை பிடிக்கும். பள்ளத்துக்குள் இறங்கிய தாளில் மை படாது. கறுப்புப் பரப்பில் வெள்ளை எழுத்துகள் எழுந்து வரும். தாள் ஈரமாக இருக்கும்போதே அவசரப்பட்டு ஒற்றினால் மை ஊறி எழுத்தை மூடிவிடும். காய்ந்ததும் உரித்தெடுத்தால், ஏறக்குறைய கல்லின் அளவிலேயே நகல் கையில் இருக்கும். சீனத்தில் இதற்கு நெருங்கிய முறை ஆயிரம் ஆண்டுக்கும் மேலாகப் புழங்குகிறது. டாங் காலத்துப் படிகள் துன்ஹுவாங் குகையில் கிடைத்திருக்கின்றன.

கைபேசியில் படம் எடுத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்குக் கோயிலின் அடித்தளத்தைக் காட்டலாம். அங்கே குமுதம் என்கிற உறுப்பு உருண்டோ பட்டையிட்டோ இருக்கும். அதன் வளைவு முழுவதும் எழுத்து ஓடும். படத்தில் மேலும் கீழும் உள்ள வரிகள் ஒடுங்கிப் போகும். தாளோ வளைவைத் தழுவிப் பதிந்து, பிரித்தெடுத்தபின் தட்டையாகக் கிடக்கும். மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காத, சொற்களுக்கு இடையே இடம் விடாத, எகர ஏகாரத்தைப் பிரித்துக் காட்டாத பழைய எழுத்தைப் படிப்பவருக்கு இந்த வசதி பெரிய பலம். படம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. இரண்டும் வேண்டும்; ஒன்று மற்றதற்குச் சாட்சி.

இந்தக் கைத்தொழிலை வைத்துத் தன் வரலாற்றையே சேமித்துக்கொண்ட நாடு புதுக்கோட்டை. சென்னை மாகாணத்தின் கல்வெட்டுத் துறை 1887 முதல் ஆண்டறிக்கை வெளியிட்டுவந்த காலத்தில், தொண்டைமான்களின் சமஸ்தானம் தன் எல்லைக்குள் உள்ளவற்றைத் தானே தொகுக்கும் பணியில் இறங்கியது. 1910இல் அருங்காட்சியகம் உருவானது. 1929இல் அரச மரபு வாரியாக அடுக்கிய 1,130 கல்வெட்டுகளின் மூலப்பாடம் ஒரே நூலாக அச்சேறியது. 1940களில் ஆங்கில மொழிபெயர்ப்பும் வந்தது. 1948 மார்ச்சில் சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்து திருச்சி மாவட்டத்துக்குள் போனது. 1974 ஜனவரியில்தான் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆட்சி எல்லைகள் இப்படி மாறிக்கொண்டிருந்தபோதும் அந்தத் தொகுப்பு வரிசை எண் மாறாமல் நின்றது. இன்றும் ஆய்வாளர்கள் அந்த எண்ணைச் சொல்லித்தான் கல்வெட்டைக் குறிப்பிடுகிறார்கள். இவ்வளவு சிறிய நிலப்பரப்புக்கு இப்படியொரு தொகுதி கிடைத்திருப்பதை நான் பெரும் பேறாகவே நினைக்கிறேன்.

அந்த நூலில் இருப்பது மன்னர் புகழ் மட்டுமல்ல. ஒரு ஊரார் கூடித் தங்கள் பாதுகாப்புக்காகப் படிக்காவல் உரிமையை ஒரு தலைவனுக்கு விற்ற ஒப்பந்தம் இருக்கிறது. நிலத்தின் நான்கெல்லை, கோயில் விளக்குக்கு விட்ட ஆடு, ஏரியைப் பழுதுபார்த்தவரின் பெயர் எல்லாம் இருக்கின்றன. இந்த மாவட்டம் மழையை நம்பிய ஏரி நாடு. ஏரியின் உள்ளே நின்று நீரைத் திறந்துவிடும் குமிழித்தூம்பின் கல் தூண்களில் அதை அமைத்தவரைப் பற்றிப் பொறித்திருக்கிறார்கள். ஏரி நிரம்பியிருந்தால் அந்தத் தூணை நெருங்க முடியாது. தண்ணீர் வற்றும் கோடையில், மேட்டுப் பாதை பிடித்து நடந்துபோய்த்தான் தாள் ஒட்ட வேண்டும்.

எடுத்த படியும் தானாக வாழ்ந்துவிடாது. மடித்து உறையிலிட்டு வைக்கும் தாள் மடிப்பிலேயே முதலில் விரிசல் விடும். எந்தச் சுவர், எந்தப் பக்கம், எத்தனையாவது வரியிலிருந்து எத்தனையாவது வரி வரை என்ற குறிப்பு இல்லாவிட்டால் நல்ல படியும் ஊமைத்தாள்தான். மைசூரில் உள்ள நடுவண் கல்வெட்டுத் துறையில் தமிழ்க் கல்வெட்டுப் படிகள் பெருமளவில் சேர்ந்திருந்தன. அவற்றைச் சென்னைக்குக் கொண்டுவர 2021இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. வழக்காடித்தான் ஒரு காகிதத்தை ஊருக்கு அருகே கொண்டுவர வேண்டியிருந்தது என்பது எனக்கு வருத்தம். ஆனால் வழக்காட ஆள் இருந்தது என்பது ஆறுதல்.

கல் அழியாது என்ற நம்பிக்கைதான் இங்கே பெரிய ஆபத்து. திருப்பணியில் மணல் பீய்ச்சிச் சுவரைப் பளபளப்பாக்கினால் ஆழமில்லாத எழுத்து ஒரே நாளில் மறைந்துவிடும். வழி போட, படி கட்ட எடுத்துப்போன கற்களும் எத்தனையோ. அப்படித் தொலைந்த கல்லுக்கு மைப்படி ஒன்று இருந்தால், அதுவே மூலமாகிவிடுகிறது.

உங்கள் ஊர் வயலிலோ கண்மாய்க் கரையிலோ எழுத்துள்ள கல் தென்பட்டால், தெளிவாகத் தெரியட்டும் என்று சுண்ணாம்புக் கட்டியோ மாவோ தேய்க்க வேண்டாம். எண்ணெயும் மஞ்சளும் பூசி வணங்கும் கல்லாக இருந்தால், வழிபடுவோரிடம் பேசிச் சம்மதம் பெற்ற பிறகே கழுவ வேண்டும். மாலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படம் எடுத்து, கல் நிற்கும் திசையையும் பக்கத்தில் உள்ள ஏரி, கோயில், மரம் ஆகியவற்றின் பெயரையும் எழுதிக்கொண்டு, புதுக்கோட்டை திருக்கோகர்ணத்து அருங்காட்சியகத்துக்கோ தொல்லியல் துறைக்கோ தகவல் சொல்லுங்கள். நகர்த்த வேண்டாம். இருந்த இடத்தில் இருக்கும் கல்லில்தான் படி எடுக்க வருபவருக்கு, எந்த ஏரி, எந்த எல்லை என்று சொற்களோடு நிலமும் சேர்ந்து பேசும்.