மூழ்கியது கப்பல், நின்றது கூலி!

கப்பல் என்றதும் கண்முன் வருபவர் யார்? பொன்சரிகை மின்னும் தொப்பியணிந்த கேப்டன்! கீழே இறங்கிப் பாருங்கள், தோழர்களே. கொதிகலன் அறை. நிலக்கரியை வாரி வாரிக் கொட்டுகிறான் ஒருவன். அனலிலே வேகிறான், வியர்வையிலே குளிக்கிறான். நீர்மூழ்கி ஏவும் டார்பிடோ துளைப்பது எந்த இடத்தை? நீர்மட்டத்துக்குக் கீழே, அவன் நிற்கின்ற பக்கத்தை! மேல்தளத்தார் படகுக்கு ஓடுவர். அவனோ இருட்டிலே ஏணியைத் தேடவேண்டும்.

1939-ல் மூண்டு 1945-ல் ஓய்ந்த போரிலே, ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்த வணிகக் கப்பல்கள் ஏறத்தாழ 2,800. கோதுமையும் எண்ணெயும் கடல்வழி வந்தால்தான் பிரிட்டனுக்கு வாழ்வு. அதை அறுக்கத்தான் அத்தனை வேட்டையும்.

ஒரு கப்பலை மட்டும் சொல்கிறோம். 'சிட்டி ஆஃப் பெனாரஸ்'. பெயரிலே காசி, போனதோ கனடாவுக்கு! குண்டுவீச்சுக்கு அஞ்சி அனுப்பப்பட்ட 90 சிறுவர் சிறுமியர் அதிலே. 1940 செப்டம்பர் 17 இரவு, கொந்தளிக்கும் அட்லாண்டிக்கிலே, 'யு-48' தாக்கியது. 77 பிஞ்சுகள் மாண்டனர். உலகம் அழுதது; அழவேண்டியதுதான். ஆனால் அதே இரவில், மெல்லிய பருத்தி உடையோடு குளிரிலே விறைத்துச் செத்த இந்தியக் கப்பல் தொழிலாளருக்காக அழுதவர் எத்தனை பேர்?

கூலிக் கணக்கைக் கேளுங்கள். கப்பல் மூழ்கிய நாளோடு மாலுமியின் சம்பளம் நின்றது! படகிலே பசியோடு மிதந்த நாட்களுக்குக் காசு கிடையாது. பிரிட்டிஷ் மாலுமிகளுக்கே இந்த நிலை; 1941 மே மாதத்தில்தான் அது மாறிற்று. அவர்கள் வாங்கியதில் நாலில் ஒரு பங்குகூடப் பெறாத இந்தியத் தொழிலாளியின் குடும்பம் என்ன பாடுபட்டிருக்கும்!

அவன் வாய்மூடிக் கிடந்தானா? இல்லை. போர் மூண்ட 1939-லேயே, பிரிட்டிஷ் துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்தான். "சாவு பொது, சம்பளம் மட்டும் வேறா?" என்பதல்லவா அதன் பொருள்! பலரைச் சிறையிலே தள்ளினர். ஆயினும் ஆள் இல்லாமல் கப்பல் நகருமா? கூலியை உயர்த்தத்தான் வேண்டியிருந்தது.

மாண்ட இந்தியக் கப்பல் தொழிலாளர் ஏறக்குறைய 6,000 பேர். லண்டன் டவர் ஹில்லிலே, கடலில் மறைந்த வணிகக் கப்பல் மாலுமிகளின் பெயர்கள் வெண்கலத் தகடுகளில் நிற்கின்றன. இவர்கள் பெயர்களோ ஒரு புத்தகத்திலே. அதில் ஒரு பிரதி சிட்டகாங்கில், மற்றொன்று மும்பையில்.