நீலி கதை (வில்லுப்பாட்டு)

நீலி கதை கன்னியாகுமரி மாவட்டத்தின் நாஞ்சில் நாட்டுப் பகுதியிலும் அதை ஒட்டிய திருநெல்வேலி வட்டாரத்திலும் வில்லுப்பாட்டாகப் பாடப்படும் கொலைக்கதை. நகைக்காகக் கொல்லப்பட்ட ஒரு பெண் மறுபிறவியில் பேயாக வந்து கொன்றவனைப் பழிதீர்ப்பது இதன் கரு. இசக்கியம்மன் கோயில்களின் கொடை விழாவில் இக்கதை பாடப்படுகிறது. நீலியே இசக்கியாக வழிபடப்படுகிறாள் என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை. கேட்பவர் அனைவருக்கும் முடிவு தெரிந்திருந்தும் தலைமுறை தலைமுறையாகப் பதற்றம் குறையாமல் கேட்கப்பட்டுவரும் கதை இது.

பின்னணி

நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டுக் கதைகளை இரண்டு பெரும் பிரிவுகளாகக் காணலாம். தெய்வங்களின் பிறப்பையும் வரவையும் சொல்பவை ஒரு வகை. மனிதராகப் பிறந்து, கொலையுண்டோ தற்கொலை செய்துகொண்டோ இறந்து, பின்னர் தெய்வமானவர்களைச் சொல்பவை இன்னொரு வகை. இவ்வாறு அகால மரணமடைந்து தெய்வமானவர்களை 'வாதை' என்று அழைப்பது இப்பகுதி வழக்கம். அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1988-ல் வெளியிட்ட வில்லுப்பாட்டு ஆய்வுநூல் இந்தப் பிறப்பு, இறப்பு என்னும் பகுப்பையே அடிப்படையாகக் கொண்டது. நாகர்கோவிலைச் சேர்ந்த நாட்டார் வழக்காற்றியல் ஆய்வாளர் அ.கா. பெருமாள் இக்கதைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார்.

இறப்புக் கதைகளில் கொலை, வஞ்சகம், சாதி மீறிய காதல், சொத்துப் பகை, நம்பிக்கைத் துரோகம் ஆகியவை திரும்பத் திரும்ப வருகின்றன. இன்றைய குற்றப் புனைவுகள் கையாளும் பொருள்கள் பெரும்பாலும் இவையே. ஒரு முக்கியமான வேறுபாடு உண்டு. குற்றப் புனைவு குற்றவாளி அகப்படும் இடத்தில் முடிகிறது. வில்லுப்பாட்டுக் கதை இறந்தவருக்குக் கோயில் கிடைக்கும் இடத்தில் முடிகிறது.

கதைச்சுருக்கம்

பாத்திரங்களின் பெயர்களும் சில நிகழ்ச்சிகளும் பாடத்துக்குப் பாடம் மாறுகின்றன. பரவலாக அறியப்பட்ட கதை பின்வருமாறு.

கோயிலில் பூசை செய்யும் வேதியன் ஒருவன் லட்சுமி என்னும் தேவதாசியிடம் மயங்கித் தன் செல்வம் முழுவதையும் இழக்கிறான். கையில் பொருள் இல்லாதவனை லட்சுமியின் தாய் வீட்டைவிட்டுத் துரத்துகிறாள். லட்சுமிக்கு அவன்மேல் அன்பு இருக்கிறது. தன் நகைகளை அணிந்துகொண்டு அவனைத் தேடிச் செல்கிறாள். காட்டில் இருவரும் சந்திக்கிறார்கள். நடந்த களைப்பில் அவள் அவன் மடியில் தலைவைத்து உறங்குகிறாள். அவன் நகைகளைப் பார்க்கிறான். அவள் தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு, கல்லைப் போட்டுக் கொல்கிறான். அருகில் நின்ற கள்ளிச்செடி மட்டுமே அதற்குச் சாட்சி. தங்கையைத் தேடிவந்த அண்ணன் அவள் உடலைக் கண்டு அங்கேயே உயிர்விடுகிறான். நகைகளுடன் போன வேதியன் வழியில் பாம்பு கடித்து இறக்கிறான்.

லட்சுமியும் அண்ணனும் சோழ மன்னனின் இரட்டைக் குழந்தைகளாக, நீலி, நீலன் என்று மறுபிறவி எடுக்கிறார்கள். இரவில் தொட்டிலிலிருந்து இறங்கிச் சென்று கால்நடைகளைக் கொன்று தின்கிறார்கள். உண்மை தெரிந்ததும் மன்னன் அவர்களைக் காட்டில் விட்டுவிடுகிறான். பின்னர் நீலன் கொல்லப்பட, நீலி தனியாகிறாள். வேதியன் செட்டி குலத்தில் பிறந்து வணிகனாகிறான். அவனுக்குப் பெண்பேயால் சாவு உண்டு என்று முன்கூட்டியே எச்சரிக்கப்பட்டிருக்கிறது. ஆகவே மந்திரித்த கத்தி ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்கிறான்.

அவன் காட்டுவழியில் வரும்போது நீலி அழகிய பெண்ணாகத் தோன்றுகிறாள். கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைப் பின்தொடர்கிறாள். அவன் ஓடிச்சென்று ஊரில் உள்ள வேளாளர்களிடம் அடைக்கலம் புகுகிறான். நீலியும் அங்கே வருகிறாள். அவன் தன் கணவன் என்றும், கோபித்துக்கொண்டு வந்துவிட்டான் என்றும் முறையிடுகிறாள். அவள் மனைவி அல்ல, பேய் என்கிறான் செட்டி. இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட குழந்தை அவனிடம் தாவிச் சென்று அப்பா என்று அழைக்கிறது. ஊரார் அவளை நம்பிவிடுகிறார்கள்.

இரவில் இருவரையும் ஓர் அறையில் தங்கவைக்க முடிவாகிறது. கணவன் கையில் கத்தி இருப்பது தனக்கு அச்சமாக இருக்கிறது என்கிறாள் நீலி. ஊரார் கத்தியை வாங்கிவிடுகிறார்கள். உனக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்களும் உயிர்விடுவோம் என்று செட்டிக்கு வாக்குக் கொடுக்கிறார்கள். விடியும்போது செட்டி குடல் கிழிந்து கிடக்கிறான். கொடுத்த வாக்கின்படி வேளாளர் எழுபது பேரும் தீயில் இறங்கி உயிர்விடுகிறார்கள்.

பாடும் முறை

வில்லுப்பாட்டுக் குழுவின் தலைவர் புலவர் அல்லது அண்ணாவி எனப்படுவார். மணிகள் கட்டப்பட்ட நீண்ட வில்லின் நாணை வீசுகோலால் அடித்துக் கதையைப் பாடுவதும் வசனமாகச் சொல்வதும் அவரே. குடம், உடுக்கை, தாளம், கட்டை ஆகியவை துணைக் கருவிகள். உடன்பாடுவோர் பாடலின் அடிகளை வாங்கிப் பாடுவர். வசனத்தின்போது 'ஆமா' என்று பதில் கொடுப்பர்.

காப்புப் பாடலுக்குப் பின்னர் வருபொருள் உரைத்தல் என்னும் பகுதி வரும். பாடப்போகும் கதை என்ன என்பதைப் புலவர் இதில் அறிவித்துவிடுவார். பின்னர் கதை தொடங்கி, வாழி பாடுவதுடன் நிகழ்ச்சி நிறைவுறும்.

புலவர் கதையை ஒரே வேகத்தில் சொல்வதில்லை. லட்சுமி காட்டுக்குச் செல்லும் வழி, அவள் அணிந்த நகைகள், மடியில் உறங்கும் காட்சி ஆகியவற்றை நீட்டிப் பாடுவார். கொலை நெருங்கும்போது வசனம் குறையும், அடி விரையும், குடமும் உடுக்கையும் ஓங்கும். சாவைப் பாடும் கட்டமே இறப்புக் கதையின் உச்சம். கோயிலில் சாமியாடுபவர் அருள்வந்து ஆடுவது பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

பதற்றத்தின் அமைப்பு

திரைப்பட இயக்குநர் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் அதிர்ச்சியையும் பதற்றத்தையும் ஒரு புகழ்பெற்ற எடுத்துக்காட்டால் வேறுபடுத்தினார். மேசைக்கு அடியில் இருக்கும் குண்டு திடீரென்று வெடித்தால் பார்வையாளருக்குச் சில நொடிகள் அதிர்ச்சி. குண்டு இருப்பதைப் பார்வையாளருக்கு முன்னரே காட்டிவிட்டு, அதை அறியாதவர்கள் மேசையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருப்பதைக் காட்டினால் பல நிமிடப் பதற்றம். நீலி கதை இரண்டாவது வகை. கொலையாளி யார் என்ற கேள்வி இதில் எழுவதே இல்லை.

ஊர்ச்சபைக் காட்சி இக்கதையின் மையம். அங்கே உண்மை நீலிக்குத் தெரியும், கேட்போருக்குத் தெரியும், செட்டிக்கும் தெரியும். தீர்ப்புச் சொல்லவேண்டிய வேளாளருக்கு மட்டும் தெரியாது. செட்டி பேசுவது முழுக்க உண்மை. ஆனால் அழும் பெண், கைக்குழந்தை, கத்தி வைத்திருக்கும் ஆண் ஆகியவற்றைக் கண்ணால் காணும் எந்த நியாயமான மனிதரும் வந்து சேரும் முடிவுக்கே வேளாளரும் வருகிறார்கள். அவர்கள் செய்யும் ஒவ்வொரு நல்ல செயலும் கொலையை ஒரு படி அருகில் கொண்டுவருகிறது. குடும்பத்தைச் சேர்த்துவைக்க நினைப்பது, பெண்ணின் அச்சத்தைப் போக்கக் கத்தியை வாங்குவது, விருந்தாளிக்கு உயிரையே ஈடாகச் சொல்வது ஆகிய மூன்றும் அறச்செயல்களே.

இக்காட்சியில் முதல் கொலையின் கணக்கும் தீர்க்கப்படுகிறது. லட்சுமி கொல்லப்பட்டபோது சாட்சியாக நின்றது பேசமுடியாத கள்ளி. சபையில் அதே கள்ளி குழந்தை வடிவில் வாய்திறந்து சாட்சி சொல்கிறது. சொல்வது பொய். ஆனால் அந்தப் பொய்யால்தான் பழைய கொலைக்குத் தண்டனை கிடைக்கிறது. சாட்சி இல்லாத இடத்தில் நடந்த குற்றத்தை எந்தச் சபையும் விசாரிக்க முடியாது என்ற எளிய மக்களின் அனுபவம் இதன் அடியில் உள்ளது.

நீலி என்னும் எதிர்மாந்தர்

நீலி வஞ்சகமும் பொறுமையும் பேச்சுத்திறனும் கொண்டவள். வலிமையால் அவள் வெல்வதில்லை. செட்டியின் கையில் கத்தி இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது. பிறர் கையால் அதை அகற்றவைப்பதே அவளுடைய திட்டம்.

அவள் கேட்போர் நெஞ்சில் நிற்பதற்குக் காரணம், அவள் பேயாவதற்கு முன்னர் அவர்கள் லட்சுமியைப் பார்த்துவிடுவதுதான். நம்பி மடியில் உறங்கிய பெண் கொல்லப்பட்டதைக் கேட்டவர்களால் செட்டியின் சாவில் முழுமையாக இரக்கப்பட முடியாது. அதேசமயம் நீலியின் பழி குற்றவாளியுடன் நிற்பதில்லை. குற்றமற்ற எழுபது பேரின் சாவு இக்கதையில் எளிதில் செரிக்க முடியாத பகுதி. நியாயமான கோபம் எங்கே கொடுமையாக மாறுகிறது என்ற கேள்விக்குக் கதை பதில் சொல்வதில்லை. அவளுக்குக் கோயில் கட்டிப் படையல் போடுவதே மக்கள் கண்ட தீர்வு.

பழைய இலக்கியத்தில்

இக்கதையின் வடதமிழக வடிவம் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில் திருவாலங்காட்டை அடுத்த பழையனூரில் நிகழ்ந்ததாகச் சொல்லப்படுகிறது. திருஞானசம்பந்தரின் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைக் குறிக்கும் செய்தி உள்ளது. சேக்கிழாரின் பெரியபுராணம் வாக்குத் தவறாத பழையனூர் வேளாளரைப் போற்றுகிறது. அங்கே கதையின் நாயகர்கள் வேளாளர். ஐஞ்சிறுகாப்பியங்களுள் ஒன்றான நீலகேசியில் பழையனூர் நீலி சமண அறத்தை ஏற்று, பிற சமயத்தாரை வாதில் வெல்பவளாக ஆக்கப்பட்டாள். நாஞ்சில் நாட்டு வில்லுப்பாட்டில் முதலிடம் கொலையுண்ட பெண்ணுக்கு.

கேரள வடிவம்

நாகர்கோவிலை ஒட்டிய பார்வதிபுரம் அருகில் கள்ளியங்காடு உள்ளது. நாஞ்சில் நாடு திருவிதாங்கூர் ஆட்சிப்பகுதியில் இருந்ததால் கள்ளியங்காட்டு நீலி மலையாளக் கதைமரபிலும் இடம்பெற்றாள். அங்கே அவள் தனிவழியில் செல்லும் ஆண்களிடம் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு மயக்கிக் கொல்லும் யட்சி. கடமற்றத்துக் கத்தனார் என்னும் மந்திரவாதப் பாதிரியார் அவளை அடக்குவதாகக் கதை முடிகிறது. மலையாள வடிவத்தில் வெற்றி அடக்கியவருக்கு. தமிழ் வடிவத்தில் நீலியை யாரும் அடக்குவதில்லை.

தம்பிமார் கதையுடன் ஒப்பீடு

எதிர்மாந்தர் யார் என்பது பாடுபவரின் நிலையைப் பொறுத்தது என்பதற்கு இதே வட்டாரத்தின் தம்பிமார் கதை இன்னொரு சான்று. 18-ஆம் நூற்றாண்டில் திருவிதாங்கூர் அரசுரிமைப் போட்டியில் மன்னர் மார்த்தாண்ட வர்மா, முந்தைய மன்னரின் மகன்களான தம்பிமாரைக் கொன்றார். சி.வி. ராமன் பிள்ளை 1891-ல் வெளியிட்ட 'மார்த்தாண்டவர்மா' என்னும் மலையாள நாவலில் மன்னர் நாயகர், தம்பி சூழ்ச்சிக்காரர். நாஞ்சில் நாட்டுக் கதைப்பாடலிலோ தம்பிமார் வஞ்சகமாகக் கொல்லப்பட்ட வீரர்கள். அரசு எழுதும் வரலாற்றில் வென்றவருக்கும், வில்லுப்பாட்டில் வெட்டுப்பட்டவருக்கும் இடம் கிடைக்கிறது.

வழிபாடு

இசக்கி என்பது இயக்கி என்ற சொல்லின் திரிபு. நாகர்கோவில்-திருநெல்வேலி சாலையில் ஆரல்வாய்மொழியை அடுத்துள்ள முப்பந்தல் இசக்கியம்மன் கோயில் இவ்வழிபாட்டின் புகழ்பெற்ற தலம். நீலி கதை இக்கோயிலுடன் இணைத்துச் சொல்லப்படுகிறது. இசக்கி சிலைகளில் கையிலோ வாயிலோ குழந்தை இருப்பது வழக்கம். அச்சமூட்டும் அந்த அம்மனிடமே குழந்தை வரம் வேண்டியும் பிள்ளைகளின் நலம் வேண்டியும் பெண்கள் நேர்ச்சை செய்கிறார்கள்.

இன்றைய வடிவங்கள்

கொடை விழாக்களில் விடியவிடியக் கதை பாடும் வழக்கம் குறைந்து, சில மணி நேரத்தில் சுருக்கிப் பாடுவது பெருகியுள்ளது. நீட்டிச் சொல்வதால் உருவாகும் பதற்றத்துக்கு இது பெரிய இழப்பு. ஊர்ச்சபைக் காட்சியை விரைந்து கடந்தால் எஞ்சுவது வெறும் பேய்க்கதையே.

கதையின் கூறுகள் வேறு வடிவங்களில் தொடர்கின்றன. 2025-ல் வெளிவந்த 'லோகா' என்னும் மலையாளத் திரைப்படம் கள்ளியங்காட்டு நீலியை அநீதி இழைக்கப்பட்ட பெண்ணாகவும் அதிமனித நாயகியாகவும் மாற்றியது. நாஞ்சில் நாட்டு எழுத்தாளர் ஜெயமோகன் வசனம் எழுதி 2015-ல் வெளிவந்த 'பாபநாசம்' திரைப்படம் நீலியைப் பற்றியது அல்ல. ஆனால் கொன்றது யார் என்பதை முதலிலேயே காட்டிவிட்டு, விசாரிப்பவர்கள் எதை நம்பப்போகிறார்கள் என்பதில் பதற்றத்தை வைக்கும் முறை இரண்டுக்கும் பொது. அங்கும் ஒரு குழந்தையின் வாயிலிருந்து வரும் சொல்லே வழக்கைத் திருப்புகிறது.