ஒட்டோ கியர் ஒயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றியிறக்கும் பொறுப்பு இன்று பல தாய்மாரிடம் உள்ளது. கியர் மாறும்போது கார் உலுக்கினால் கியர் ஒயில் பழுதாகியிருக்கலாம். புதிய ஒயில் பெரும்பாலும் செந்நிறம். பழுதானது கறுத்து, கருகிய வாடை வீசும்.

வீட்டில் மாற்றுவதாயின் அவசரம் வேண்டாம். முதலில் காரின் கைநூலில் ஒயிலின் வகையைப் பாருங்கள். சீ.வீ.ரி. கியர் உள்ள கார்களுக்குத் தனி ஒயில் உண்டு. வேறு ஒயிலை ஊற்றினால் கியர்பெட்டியே பாழாகிவிடும்.

ஜெக்கை மட்டும் நம்பிக் காரின் கீழே போகாதீர்கள். உறுதியான தாங்கிகள் அவசியம். பிள்ளைகளை அண்டவிடாதீர்கள். ஓட்டி வந்த கையோடு தொடங்கினால் ஒயில் சுட்டுவிடும்.

ஒயில் ஊற்றும் வாயின் மூடி கழல்கிறதா என்று பார்த்த பிறகே அடியிலுள்ள நட்டைக் கழற்றுங்கள். இல்லையேல், வடித்த பின் ஊற்ற வழியின்றித் தவிக்க நேரிடும். எஞ்சின் ஒயில் நட்டும் அருகிலேயே இருக்கும், கவனம்!

வடிந்ததை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றுங்கள். முழுவதும் வடியாது, பெரும்பகுதி உள்ளேயே தங்கிவிடும். பின்னர் கைநூல் கூறும் முறைப்படி அளவைச் சரிபாருங்கள்.

பழைய ஒயிலைக் கானில் ஊற்ற வேண்டாம். கிணற்று நீரும் கெட்டுவிடும். போத்தலில் அடைத்து கராஜில் கொடுங்கள்.

இவற்றில் ஒன்றிலேனும் சந்தேகமா? வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே புத்தி. ஆனால், எந்த ஒயிலை ஊற்றுகிறார் என்று கேட்க மறவாதீர்கள்!