விரல் தயங்கினால் உயிர் பிழைக்கும்

2018-ஆம் ஆண்டு ஜூலை 1, ஞாயிற்றுக்கிழமை. மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்திலுள்ள ராயின்பாடா கிராமத்தில் அன்று சந்தை நாள். அங்கு வந்திருந்த ஐந்து பேரைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. "பிள்ளை பிடிப்பவர்கள்" என்ற கூச்சல் எழுந்தது. ஊராட்சி அலுவலகத்துக்குள் வைத்து ஐவரும் அடித்தே கொல்லப்பட்டனர்.

அவர்கள் பிள்ளை பிடிக்க வந்தவர்கள் அல்ல. சோலாப்பூர் மாவட்டத்திலிருந்து ஊர் ஊராகச் சென்று யாசித்துப் பிழைக்கும் நாடோடிச் சமூகத்தினர். செல்போனுக்குச் செல்போன் பரவிய வதந்தியே அவர்களுக்கு எமனாயிற்று.

அதற்கு முன்பு, அதே ஆண்டு மே 9-ந் தேதி, நம் திருவண்ணாமலை மாவட்டத்திலும் இதுவே நடந்தது. குலதெய்வக் கோவிலுக்காகச் சென்னையிலிருந்து போளூர்ப் பக்கம் வந்த ஒரு மூதாட்டி, வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அதைக் கண்டு சந்தேகப்பட்ட கும்பல் அவரை அடித்துக் கொன்றது.

இரண்டு இடத்திலும் மாண்டவர்கள் வெளியூர்க்காரர்கள். முகம் தெரியாத ஊரில் நிற்பது எப்படி என்று, நெல்லைச் சீமையை விட்டுத் தாராவிக்கு வந்த குடும்பங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொத்தான் செய்த வேலை

வதந்தியை அனுப்பியவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? இல்லை. "பிள்ளைகளைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்ற நல்லெண்ணத்தில் அனுப்பியவர்களும் உண்டு. ஆனால் வாட்ஸ்அப்பில் ஒவ்வொரு படத்துக்கும் வீடியோவுக்கும் பக்கத்திலேயே, பிறருக்குத் தள்ளிவிடும் அம்புக்குறி தயாராக இருந்தது. மனம் யோசிப்பதற்குள் விரல் தட்டிவிடும். விற்க வேண்டிய சரக்கைக் கை எட்டும் இடத்தில் வைப்பது கடைக்காரரின் சாமர்த்தியம். செல்போன் திரையும் அப்படி அடுக்கிய கடைதான்.

மத்திய அரசு எச்சரித்தது. 2018 ஜூலையில் அந்த நிறுவனம் இந்தியாவில் அந்த அம்புக்குறியை எடுத்துவிட்டது. ஒரே தடவையில் ஐந்து இடங்களுக்கு மேல் அனுப்ப முடியாதபடி செய்தது. வேறிடத்திலிருந்து வந்த செய்திக்கு 'பார்வர்டு' என்ற முத்திரையும் விழுந்தது. 2019 ஜனவரியில் ஐந்து என்ற வரம்பு உலகம் முழுவதற்கும் வந்தது.

2020 ஏப்ரலில், கொரோனா வதந்திகள் பெருகியபோது, பல கை மாறி வந்த செய்தியை ஒரு தடவைக்கு ஓரிடத்துக்கு மட்டுமே அனுப்பலாம் என்றாக்கினார்கள். அத்தகைய செய்திகளின் ஓட்டம் 70 சதவீதம் குறைந்ததாக நிறுவனமே அறிவித்தது. மனிதர்கள் ஒரே மாதத்தில் திருந்திவிடவில்லை. வழியில் ஒரு சிறு தடை வைக்கப்பட்டது, அவ்வளவே.

முடிவில்லாத பக்கம்

இதற்கு நேர்மாறான வேலையும் நடக்கிறது. தள்ளத் தள்ள முடியாமல் நீளும் பக்கத்தை 2006-ல் வடிவமைத்தவர் அமெரிக்காவின் அசா ராஸ்கின். பின்னாளில் அவரே அதற்காக வருந்தினார். செய்தித்தாளுக்குக் கடைசிப் பக்கம் உண்டு, இதற்கு இல்லை. செம்பூரில் ஹார்பர் ரயில் ஏறி, 'இரண்டு நிமிஷம் பார்ப்போம்' என்று செல்போனைத் திறக்கும் குமாஸ்தா, சி.எஸ்.எம்.டி. வந்த பிறகே தலை நிமிர்வதற்கு அவருடைய சோம்பல் மட்டும் காரணமல்ல.

நாமே வைக்கும் தடை

கம்பெனி வைத்த தடை மட்டும் போதாது. ஐந்து குழு என்றாலும் ஒவ்வொன்றிலும் நூற்றுக்கணக்கானோர் இருக்கலாம். மாட்டுங்காவிலோ தாராவியிலோ இருப்பவருக்கு ஊர்க் குழு, சங்கக் குழு, அலுவலகக் குழு என்று எண்ணினால் ஐந்து எளிதில் தேறிவிடும்.

படமும் வீடியோவும் தானாக இறங்குவதை நிறுத்திவைக்கலாம். நம்மைக் குழுவில் யார் சேர்க்கலாம் என்பதை நாமே தீர்மானிக்கும் வசதி 2019 முதல் உண்டு. அவசரமில்லாத குழுக்களின் மணியோசையை அடக்கலாம். இவற்றுக்குக் காசு செலவில்லை; வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால் ஐந்து நிமிஷத்தில் செய்து கொடுப்பார்கள்.

யாரையேனும் குற்றவாளி என்று காட்டும் செய்தி வந்தால், அனுப்பியவரைக் கூப்பிட்டு, "இதை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?" என்று ஒரு கேள்வி கேட்கலாம். 'இல்லை' என்றால் அது நம் செல்போனோடு நிற்கட்டும். அந்தப் படத்தில் இருப்பவர் நம்மைப் போலவே எங்கோ பிழைக்கப் போன ஒருவராக இருக்கக்கூடும்.