நெய்வேலி புகையை பூமிக்குள் புதைக்க முடியுமா? டெல்டாவின் பழைய கிணறுகளால் சிக்கல்

நெய்வேலி,

நெய்வேலி அனல்மின் நிலைய புகைபோக்கிகளில் இருந்து ராத்திரி பகலா புகை போய்க்கிட்டே இருக்கு. அதில் உள்ள கரியமில வாயுவை மட்டும் பிடித்து, பூமிக்கு அடியில் புதைத்து விட்டால் என்ன? பூமி சூடாவதை குறைக்க சில நாடுகளில் இந்த வேலை நடக்கிறது. நம்ம காவிரி டெல்டா பக்கம் இது சரிப்பட்டு வருமா?

பிடிப்பது எப்படி?

புகையை 'அமீன்' என்ற ரசாயன திரவத்தின் வழியாக விடுவார்கள். கரியமில வாயு அதில் ஒட்டிக்கொள்ளும். பிறகு திரவத்தை சுமார் 120 டிகிரி வரை சூடாக்கினால் வாயு தனியாக பிரிந்து வந்துவிடும்.

இது தமிழ்நாட்டுக்கு புதுசு இல்லை. தூத்துக்குடி ரசாயன ஆலை ஒன்றில் ஆண்டுக்கு 60 ஆயிரம் டன் வாயுவை பிடிக்கும் அமைப்பு 2016-ம் ஆண்டே தொடங்கப்பட்டது. பிடித்த வாயுவை சலவை சோடா தயாரிக்க பயன்படுத்தினார்கள்.

ஆனால் நெய்வேலி கணக்கே வேறு. இங்குள்ள புதிய அனல்மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் திறன் கொண்ட 2 யூனிட்டுகள் உள்ளன. அப்படி ஒரு யூனிட் முழுவீச்சில் ஓடினால் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் கரியமில வாயு வரும். தூத்துக்குடியில் அமைத்தது போல 50 அமைத்தாலும் ஒரு யூனிட்டுக்கே பத்தாது. அவ்வளவையும் சோடாவாக மாற்றி விற்கவும் முடியாது. அதனால்தான் புதைக்கிற பேச்சு வருகிறது.

இதில் செலவும் அதிகம். திரவத்தை சூடாக்க மின்நிலையத்தின் நீராவியையே எடுக்க வேண்டும். இதனால் கிடைக்கும் மின்சாரம் ஏறக்குறைய 5-ல் 1 பங்கு குறையும். அந்த சுமை கடைசியில் கரண்ட் பில்லில்தான் வந்து நிற்கும்.

எங்கே புதைப்பது?

குறைந்தது 800 மீட்டர் ஆழம் வேண்டும். அங்குள்ள அழுத்தத்தில் வாயு திரவம் மாதிரி சுருங்கிவிடும். மணற்பாறையில் உள்ள பொடி ஓட்டைகளில் அது பஞ்சில் தண்ணீர் நிற்பது போல தங்கும். அதற்கு மேலே பானைக்கு மூடி போட்ட மாதிரி தடிமனான களிப்பாறை இருக்க வேண்டும்.

நார்வே நாட்டில் ஸ்லைப்னர் என்ற இடத்தில் கடலுக்கு அடியில் 1996 முதல் இப்படி புதைத்தார்கள். ஆண்டுக்கு 10 லட்சம் டன் வரை உள்ளே போனது. கசிவு எதுவும் தெரியவில்லை. ஆனால் அல்ஜீரியாவில் 2004-ல் தொடங்கிய இன் சாலா திட்டம் 2011-ல் நிறுத்தப்பட்டது. அங்கே தரை சில மில்லி மீட்டர் மேலே எழும்பியது. மூடி பாறை தாங்குமா என்ற சந்தேகமும் வந்தது.

டெல்டாவில் என்ன நிலை?

நெய்வேலியில் இருந்து நேர்கோட்டில் 100 கிலோ மீட்டருக்குள் நரிமணம் எண்ணெய் வயல் இருக்கிறது. அந்த பகுதியில் எண்ணெயும் எரிவாயுவும் லட்சக்கணக்கான ஆண்டுகள் வெளியே போகாமல் அடைபட்டு கிடந்தன. அதாவது மூடி பாறை இருக்கிறது. இது நல்ல செய்தி.

கெட்ட செய்தி, அந்த மூடியில் நாமே போட்ட ஓட்டைகள். காவிரி படுகையில் 1960-களில் இருந்து எண்ணெய் கிணறுகள் தோண்டப்பட்டுள்ளன. கைவிட்ட கிணறுகளை சிமெண்டு வைத்து அடைத்திருப்பார்கள். கரியமில வாயு தண்ணீரில் கலந்தால் கோலி சோடா மாதிரி புளிப்பாகும். அந்த புளிப்பு நாளாவட்டத்தில் சிமெண்டை அரிக்கும். அந்த வழியாக வாயு மேலே ஏறினால் போர்வெல் தண்ணீர் கெட்டுப்போகும். காற்றை விட கனமான வாயு என்பதால் பள்ளமான இடங்களில் தேங்கினால் மூச்சு திணறும்.

2020 முதல் டெல்டா, பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். புதிதாக எண்ணெய், எரிவாயு கிணறு தோண்டவே தடை உள்ளது. எனவே வாயுவை உள்ளே விட துளை போடுவதும் லேசுப்பட்ட காரியம் இல்லை. காவிரி படுகை கடலுக்கு அடியிலும் நீண்டு கிடக்கிறது. அங்கே கொண்டுபோகலாம் என்றால் குழாய் செலவு எகிறும்.

முதல் வேலை என்ன?

பழைய கிணறு ஒவ்வொன்றும் எங்கே இருக்கு, எவ்வளவு ஆழம், எப்படி அடைக்கப்பட்டது என்ற பட்டியல் வேண்டும். அடுத்து கொஞ்சமாக வாயுவை விட்டு சோதிக்க வேண்டும். புதைத்து முடித்த பிறகும் பல பத்தாண்டுகள் கண்காணிக்க வேண்டும். கசிந்தால் யார் பொறுப்பு என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும்.

வாயுவை பிடிக்க வழி இருக்கு. தாங்க பாறையும் இருக்கலாம். ஆனால் கிணறு கணக்கை ஊர் மக்கள் முன்னால் வைக்காமல் ஒரு டன் கூட உள்ளே இறக்குவது சரியாக இருக்காது.