கட்டத்துக்குக் காவல் போடும் டிரெய்ட்ஸ்

நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் பார்ப்பதை நாம எல்லாரும் பார்த்திருக்கிறோம். 17 சதவீதத்துக்கு மேல் போனால் எடுக்க மாட்டார்கள், அரசு தளர்வு கொடுத்த வருஷம் தவிர. அந்த விவரத்தையெல்லாம் கம்ப்யூட்டரில் வைக்கணும்னா, பெயர் எழுத்து, மூட்டை முழு எண், ஈரப்பதம் தசம எண். இதைத்தான் வகை என்கிறார்கள்.

பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுப்பவர்கள் படிக்கிற பைத்தான் மொழி ரொம்பத் தாராளம். ஈரப்பதத்தில் "பதினேழு" என்று எழுத்தாகப் போட்டாலும் பேசாமல் வாங்கிக்கொள்ளும். பிறகு எங்கேயோ கணக்குப் போடும்போதுதான் நின்றுபோகும். எந்த மூட்டையில் பதர் கலந்ததுன்னு எல்லா மூட்டையையும் அவிழ்த்துப் பார்க்கிற கதைதான்! 'இது தசம எண்' என்று பக்கத்தில் குறிப்பு எழுதலாம். ஆனால் நிரல் ஓடும்போது பைத்தான் அதைச் சோதிப்பதே இல்லை. காலேஜ் படிக்கிற எங்க அக்கா சொன்னப்போ நான் நம்பவேயில்லை.

அதற்காக அமெரிக்காவில் உள்ள என்தாட் நிறுவனம் செய்த நூலகம்தான் டிரெய்ட்ஸ். முதலிலேயே இப்படி அறிவித்துவிடலாம்:

பெயர் = ஸ்டர்
மூட்டை = இன்ட்
ஈரப்பதம் = ரேஞ்ச்(0.0, 17.0)

இனி ஈரப்பதத்தில் 19 போட்டால், போடுகிற அந்த வரியிலேயே 'டிரெய்ட் எரர்' வரும். பழைய மதிப்பு அப்படியே இருக்கும். தளர்வு வந்தால் 17ஐ அந்த ஒரே இடத்தில் மாற்றினால் போதும். ஒரு மதிப்பு மாறியதும் இன்னொரு வேலை தானாக நடக்கவும் வைக்கலாம்.

சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த பிரபு ராமச்சந்திரன் முப்பரிமாணப் படம் காட்டும் மயாவி என்ற மென்பொருளை உருவாக்கினார். அதன் இரண்டாம் வடிவம் டிரெய்ட்ஸ் மேல்தான் நிற்கிறது. அதில் ஓர் அளவை மாற்றினால் படமும் உடனே மாறும்.

ஆனால் வகை மட்டும் பார்த்தால் பத்தாது. எங்க தெரு மாமா ஒருத்தர் 62 மூட்டை போட்டார். ஒரு மூட்டை 40 கிலோ. பதியும்போது மூட்டைக் கட்டத்தில் அந்த 40 ஏறிவிட்டது. 880 கிலோ நெல்லுக்குப் பணம் வராமல் எத்தனை நடை நடந்தார் தெரியுமா? 62ம் முழு எண், 40ம் முழு எண். இன்ட் என்ன செய்யும், பாவம்! இந்த இடத்தில் விதியை நாமதான் எழுதணும். மொத்த எடையைத் தனியாக வாங்கி, மூட்டையை 40ஆல் பெருக்கி ஒப்பிடணும். மாமாவுக்கு 2480 கிலோ வரணும், 1600 வந்தால் அங்கேயே நிறுத்து என்று.