அளந்து பெறும் கட்டணமும் வாடிக்கையாளர் மனமும்

டிஜிட்டல் சேவைகளின் கட்டணமுறைகள் பெரும்பாலும் இரண்டு அடிப்படைகளில் அமைகின்றன: பேசிய நிமிடம், இறக்கிய மெகாபைட், சர்வர் இயங்கிய மணிநேரம் என நுகர்ந்த அளவைக் கணக்கிட்டுப் பெறுவது பயன்பாட்டுக் கட்டணம், எவ்வளவு நுகர்ந்தாலும் ஒரே தொகையைப் பெறுவது நிலைக்கட்டணம். முதலாவதே நியாயமானது எனத் தோன்றினாலும், அந்த அளவீடு நுகர்வைக் கணக்கிடுவதோடு நில்லாமல் நுகர்வோரின் பழக்கத்தையே உருவாக்கிவிடுகிறது.

மாதம் 5 மணிநேரத்துக்கு 9.95 டாலரும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு மணிநேரத்துக்கும் 2.95 டாலரும் பெற்றுவந்த அமெரிக்காவின் ஏஓஎல் நிறுவனம், 1996 டிசம்பரில் 19.95 டாலருக்கு வரம்பற்ற இணைய இணைப்பை வழங்கத் தொடங்கியது. அதுவரை இணைப்பைத் துண்டித்துவிட்டு மின்னஞ்சல்களை எழுதி, மீண்டும் இணைந்து மொத்தமாக அனுப்பிச் சிக்கனம் காத்தவர்கள், கடிகாரத்தைப் பார்க்கும் தேவை நீங்கியதும் மணிக்கணக்கில் இணைப்பிலேயே இருந்தமையால், தொலைபேசி வழிகள் நிரம்பிப் பலர் உள்ளே நுழையவே முடியாமல் போயிற்று; மாநில அரசுகள் தலையிட்டபின் நிறுவனம் பணத்தைத் திருப்பித்தர இசைந்தது.

அளந்து செலுத்தினால் செலவு குறையும் என்ற நிலையிலும் பலர் நிலைக்கட்டணத்தையே தேர்வதை ஆய்வாளர்கள் நிலைக்கட்டணச் சார்பு என்கின்றனர். இணைய வாடிக்கையாளர்களை ஆராய்ந்து 2006இல் கட்டுரை வெளியிட்ட ஆன்யா லாம்ப்ரெக்ட், பெர்ன்ட் ஸ்கீரா ஆகியோர் இதற்கு மூன்று காரணங்களைக் கண்டனர்: செலவு ஏறிக்கொண்டிருக்கிறது என்ற நினைவால் பயன்பாட்டின் இன்பம் குன்றும் ‘டாக்சி மீட்டர் விளைவு’, ஏதேனும் ஒரு மாதம் பெருந்தொகை வந்துவிடுமோ என்று அஞ்சிக் காப்பீடுபோல் கூடுதலாகச் செலுத்தும் மனநிலை, தாம் நுகரப்போவதை மிகையாக மதிப்பிடுதல்.

இந்தியக் கைபேசி வரலாற்றிலும் ஒவ்வொரு கட்டண அலகும் ஒரு பழக்கத்தை ஈன்றிருக்கிறது. 2003 மே மாதம் உள்வரும் அழைப்பு இலவசமாகி, அழைப்பவரே செலுத்தும் முறை வேரூன்றியபோது, செலவின்றிச் செய்தி சொல்லும் ‘மிஸ்டு கால்’ பரவியது. 61 நொடி பேசினாலும் இரண்டு நிமிடக் கட்டணம் என்றிருந்தவரை, நிமிடம் நிறையுமுன் பேச்சை முடிக்கும் அவசரம் இருந்தது. 2009இல் டாட்டா டொகோமோ நொடிக்கணக்கைக் கொண்டுவர, மற்ற நிறுவனங்களும் அதைப் பின்பற்றின. இன்றைய தினசரி டேட்டா வரம்போ, மிஞ்சியது நள்ளிரவில் காலாவதியாகும் என்பதால், தேவையில்லாதபோதும் பார்த்துத் தீர்க்கத் தூண்டுகிறது.

பயன்பாட்டுக் கட்டணத்தின் நன்மையும் பெரிது. 2006இல் அமேசான் தொடங்கிய கிளவுட் சேவைகள், சொந்த சர்வர் வாங்க முதலில்லாத சிறு நிறுவனங்களும் பயன்படுத்திய அளவுக்கு மட்டும் செலுத்தித் தொழில் தொடங்க வழிவகுத்தன. எனினும் நிறுத்த மறந்த சர்வரும் பில்லை ஏற்றிக்கொண்டே இருக்கும். மேலும், அளவீடு வீண் நுகர்வை மட்டுமே தடுப்பதில்லை. கையில் பணம் குறைந்தவர் பாடம், மருத்துவ ஆலோசனை போன்ற தேவைகளையும் சேர்த்தே சுருக்கிக்கொள்கிறார். ஆகவே, ஏறும் தொகையை உடனுக்குடன் காட்டுவதும், வாடிக்கையாளரே உச்சவரம்பை விதிக்க இடமளிப்பதும், அவ்வரம்பை எட்டியதும் சேவையை நிறுத்துவதும் நிறுவனங்கள் செய்யும் சலுகைகளாக அல்லாமல், அளந்து பணம் பெறும் உரிமையோடு பிரியாது வரும் கடமைகளாகக் கருதப்பட வேண்டும்.